இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு இன்னொரு இன்ஜின்

ஓடிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறது. அடியிலிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல் ‘டக் டக்’ என்று சத்தம். ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் நின்றுவிடுகிறது. ஓடோமீட்டர் 2 லட்சத்தைத் தாண்டிய வண்டி என்றால், பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “இன்ஜின் போச்சு, வண்டியைத் தள்ளிவிட்டுடுங்க.”

அவசரப்படாதீர்கள். பாடியும் அடிப்பாகமும் நன்றாக இருந்தால், இன்னொரு இன்ஜின் போட்டுப் பல வருடம் ஓட்டலாம். ஆனால் பழைய இன்ஜின் எதனால் போனது என்று தெரியாமல் அடுத்ததை இறக்கினால், அதுவும் அதே வழியில் போகும். எனக்கு அப்படி ஒன்று போயிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நீங்களே ஸ்பேனர் பிடித்தாலும் சரி, மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாலும் சரி, வேலையின் வரிசை ஒன்றுதான்.

உண்மையிலேயே இன்ஜின்தானா?

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இன்ஜின் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தத்தோடு நின்றுவிடுகிறதா? முதலில் பேட்டரியையும் டெர்மினல்களையும் பாருங்கள். அடுத்து முன்பக்க பெல்ட்டைக் கழற்றுங்கள். ஏசி கம்ப்ரஸரோ ஆல்டர்னேட்டரோ ஜாம் ஆகி பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாலும் இன்ஜினே ஜாம் ஆனதுபோலத்தான் இருக்கும். பெல்ட் இல்லாமல், கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜின் தண்டு) புல்லி போல்ட்டில் நீளக் கைப்பிடியோடு சாக்கெட்டை மாட்டி, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் திருப்பிப் பாருங்கள்.

சுற்றாவிட்டால் ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி திருப்புங்கள். டீசலாக இருந்தால் க்ளோ பிளக். தேங்கிய தண்ணீரில் ஓட்டிய வண்டியில் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து பிஸ்டனை நகரவிடாமல் பிடித்திருக்கலாம். அப்படியானால் பிளக் துளை வழியே தண்ணீர் பீய்ச்சியடிக்கும். முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் வெளியேறி இன்ஜின் சுற்றத் தொடங்கிவிட்டது என்று உடனே நிம்மதி அடையவும் வேண்டாம். தண்ணீரை அழுத்த முடியாது. அதனால் பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்க வாய்ப்பு உண்டு.

அதைக் காட்டிக்கொடுப்பது கம்ப்ரஷன் சோதனை. எல்லா பிளக்கையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டராக கேஜை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட வேண்டும். நல்ல பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 180 பி.எஸ்.ஐ. வரை காட்டும். டீசலில் 300-க்கு மேல். அதற்குத் தனி கேஜ் வேண்டும். எண்ணைவிட முக்கியம், சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசம். அது 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கலாம். பெட்ரோல் இன்ஜினில் ஒன்று மட்டும் குறைந்தால் அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ, ஹெட்டுக்கும் (சிலிண்டர்களின் மேல்மூடி) பிளாக்குக்கும் (சிலிண்டர்கள் உள்ள கூடு) நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட்டோ. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இவ்வளவும் எதற்கென்றால், ஹெட்டோடு முடிகிற வேலைக்கு முழு இன்ஜினை மாற்ற வேண்டியதில்லை. டைமிங் பெல்ட் அறுந்து வால்வு வளைந்திருந்தால் பல நேரம் ஹெட்டைக் கழற்றிச் சரிசெய்தால் போதும். ஆனால் கிராங்க் பக்கமிருந்து கனத்த தட்டல் வந்தாலோ, ஆயிலில் உலோகம் மின்னினாலோ, பிளாக்கில் ஓட்டை விழுந்தாலோ மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. தட்டலை அடக்கும் என்று விற்கிற ஆயில் மருந்துகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வண்டி அந்தச் செலவுக்குத் தகுமா?

இன்ஜின் நின்ற வண்டியை அப்படியே ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, அடியில் படுத்துப் பாருங்கள். சேஸிஸ், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்கள், கதவுகளுக்குக் கீழே ஓடும் பட்டை ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டிக்கு இன்ஜின் வேண்டாம். கியர்பாக்ஸ் கடைசியாக ஓடியபோது எப்படி இருந்தது என்று நேர்மையாக நினைத்துப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் கியர் வழுக்கிக்கொண்டிருந்ததென்றால், நல்ல இன்ஜின் வந்த பிறகு அந்தக் கோளாறு இன்னும் சீக்கிரம் வெளியே தெரியும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். இந்த இரண்டும் தேறிவிட்டால் மீதி எல்லாம் சமாளிக்கக்கூடியதே.

எந்த இன்ஜின்?

வழிகள் மூன்று. உங்கள் இன்ஜினையே பிரித்து, லேத்தில் சிலிண்டரைப் போர் செய்து (உள்சுவரைக் கடைந்து), கிராங்க் உரசி, புது பிஸ்டன், ரிங், பேரிங் போட்டு மறுபடி கட்டலாம். தொழிற்சாலை அளவில் புதுப்பித்த இன்ஜினை வாங்கலாம். அல்லது விபத்தில் போன இன்னொரு வண்டியிலிருந்து எடுத்த பழைய இன்ஜினை வாங்கலாம். நம்பகமான லேத் பட்டறை கையெட்டும் தூரத்தில் இருந்தால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். உள்ளே என்ன போட்டோம் என்று நமக்கே தெரியும். ஆனால் பிளாக் உடைந்திருந்தால் அது நடக்காது, நாளும் அதிகம் பிடிக்கும்.

வாங்குவதானால் முதலில் இன்ஜின் கோட். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே கொள்ளளவு என்றாலும் கோட் வேறாக இருக்கலாம். சென்சார் இடம் மாறும், ஃப்ளைவீலில் பற்களின் எண்ணிக்கை மாறும், வண்டியின் கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொள்ளாது. பிளாக்கில் அடித்திருக்கும் கோடையும் வண்டியின் சேஸிஸ் எண்ணையும் வைத்துச் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். இன்ஜின் எண்ணும் பதிவு ஆவணத்தில் இடம்பெறும் நாடுகளில், எண்ணை மாற்றிப் பதிய வாங்கிய ரசீது தேவைப்படலாம். ரசீதில் இன்ஜின் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

பழைய இன்ஜினைப் பார்க்கும்போது அவசரமே கூடாது. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். பாலாடைபோல் வெளுத்த பசை இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். கறுத்த தார்போல் அப்பியிருந்தால் ஆயில் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பிப் பாருங்கள், எங்கேயும் பிடிக்கக்கூடாது. முன்பக்கம் மோதிய வண்டியின் இன்ஜின் என்றால் கிராங்க் புல்லி நேராக இருக்கிறதா, சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) நசுங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். சம்ப் நசுங்கினால் உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயும் அடிபட்டிருக்கலாம். பிளக் துளைக்குள் விடும் சின்ன கேமரா கிடைத்தால் அவசியம் விட்டுப் பாருங்கள். சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் வரிகள் இன்னும் தெரிந்தால் அது ஆயில் நிற்பதற்காக இழைத்த வரி, நல்ல அறிகுறி. மேலிருந்து கீழாக ஆழமான கோடு இருந்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

புதுப்பித்த இன்ஜின்கள் பலவற்றில் ஹெட்டிலோ பிளாக்கிலோ நாணயம்போல ஒரு சின்ன உலோக வில்லை ஒட்டியிருக்கும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் நடுப்பகுதி உருகிவிடும். அது உருகியிருந்தால் உத்தரவாதம் கிடையாது. பிரித்து எடுத்துவிடாதீர்கள், மேலே பெயின்ட்டும் அடிக்காதீர்கள். பழைய இன்ஜினைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணத்தைத் திருப்பித் தருகிற வழக்கமும் உண்டு. எந்த நிலையில் கொடுத்தால் ஏற்பார்கள் என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பழையது ஏன் போனது?

இந்த ஒரு கேள்விக்கு ஒரு நாள் முழுக்கச் செலவழித்தாலும் நஷ்டமில்லை.

சூடேறிப் போயிருந்தால் ரேடியேட்டர், ஃபேன், ஃபேன் சுவிட்ச், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாம் சந்தேகக் கைதிகள். 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய ரேடியேட்டர் வெளியே பளிச்சென்று இருந்தாலும் உள்ளே பாதிக் குழாய் அடைத்திருக்கலாம். அதைக் கழுவி மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, மாற்றிவிடுங்கள். ஆயில் குறைந்து போயிருந்தால் அந்த ஆயில் எங்கே போனது? ஒழுகியதா, எரிந்ததா, டர்போ வழியாகக் குடித்ததா? டர்போ அடிவாங்கியிருந்தால், அதிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குள் ஆயில் தேங்கியிருக்கும். அதை வடிக்காமல் மாட்டினால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சி, சாவியை அணைத்த பிறகும் அடங்காமல் தலைதெறிக்கச் சுற்றும்.

பேரிங் உருகிப் போயிருந்தால்தான் இன்னும் கவனம் வேண்டும். நான் முதன்முதலில் மாற்றியது அப்படிப் போன ஒரு டீசல் இன்ஜினைத்தான். நல்ல பழைய இன்ஜின் கிடைத்தது. பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மாட்டினேன். ஆயில் கூலரை மட்டும் வெளியே டீசலில் கழுவி, காற்று அடித்து, அப்படியே புது இன்ஜினில் பொருத்திவிட்டேன். ஏறக்குறைய 900 கிலோமீட்டரில், மேட்டில் ஏறும்போது மட்டும் மெல்லிய தட்டல் கேட்டது. ஆயிலை வடித்து, ஃபில்டரின் தகரத்தை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை வெயிலில் விரித்தேன். மடிப்புக்கு மடிப்பு ஜிகினா தூவியதுபோல் பொடி மின்னியது. காந்தத்தைக் காட்டினேன், ஒட்டவில்லை. ரிங்கும் கிராங்கும் இரும்பு, காந்தத்தில் ஒட்டும். பேரிங்கில் உரசும் பூச்சு செம்பும் ஈயமும் அலுமினியமும்தான், ஒட்டாது.

பழைய இன்ஜினின் பேரிங் தூள் கூலரின் மெல்லிய தகடுகளுக்குள் உட்கார்ந்திருந்தது. அந்த இன்ஜினில் ஆயில் முதலில் ஃபில்டருக்கும் அதன் பிறகே கூலருக்கும் போகிறது. அதனால் கூலரிலிருந்து கிளம்பிய தூள் வடிகட்டப்படாமல் நேராகப் புது பேரிங்குகளுக்குப் போயிருக்கிறது. சம்பில் விழுந்து, மறுசுற்றில்தான் ஃபில்டரில் மாட்டியது. மறுபடியும் இன்ஜினை வெளியே எடுத்தேன்.

ஆகவே பேரிங் போன வண்டியில் ஆயில் கூலரைக் கழுவாதீர்கள், மாற்றுங்கள். டர்போவுக்கு ஆயில் போகும் மெல்லிய குழாயையும் மாற்றுங்கள். கழற்றிய பழைய உறுப்புகளில் ஆயில் ஓடும் எதுவுமே சந்தேகத்துக்கு உரியதுதான்.

கழற்றுவது

கழற்றும் முன் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு கப்ளரையும், ஒவ்வொரு ஹோஸ் பைப் போகும் வழியையும் எடுங்கள். ஒயர்களில் பேப்பர் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் கொட்டாமல், எந்த உறுப்புடையது என்று எழுதிய பைகளில் தனித்தனியாகப் போடுங்கள். பத்து நாள் கழித்து மாட்டும்போது ஞாபகம் கைகொடுக்காது.

பேட்டரியில் முதலில் மைனஸ், பிறகு பிளஸ். கூலன்ட்டை வடித்துப் பிடித்து மூடி வையுங்கள். அதிலுள்ள எத்திலின் கிளைக்கால் இனிக்கும். பூனையும் நாயும் குடித்தால் செத்துப்போகும், குழந்தைகளுக்கும் விஷம். எரிபொருள் குழாயில் அழுத்தம் இருக்கும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இணைப்பைச் சுற்றித் துணியைப் பிடித்து, மெதுவாகத் தளர்த்துங்கள். ஏசி வாயுவைக் காற்றில் விடாதீர்கள். பல வண்டிகளில் அதற்குத் தேவையும் இருக்காது. கம்ப்ரஸரைக் குழாயோடு சேர்த்தே கழற்றி, கம்பியால் ஓரமாகக் கட்டித் தொங்கவிடலாம். பவர் ஸ்டீயரிங் பம்பும் அப்படியே.

துருப்பிடித்த சைலன்சர் போல்ட்டுகளுக்கு முந்தைய நாள் இரவே துருநீக்கி ஆயில் அடித்து வையுங்கள். முறிந்த ஒரு ஸ்டட் அரை நாளைத் தின்றுவிடும்.

சின்ன நான்கு சிலிண்டர் இன்ஜினே 100 கிலோவைத் தாண்டும். கிரேனோ செயின் பிளாக்கோ அதற்குத் தாங்கும் தரம் உள்ளதாக இருக்க வேண்டும். கயிறு கூடவே கூடாது. தூக்குவதற்கென்று இன்ஜினில் கொக்கிகள் இருக்கும். அவற்றில்தான் மாட்ட வேண்டும். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கைவிரலைக்கூட வைக்காதீர்கள். வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கக்கூடாது, ஸ்டாண்டு கொடுத்தாக வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் பல வண்டிகளில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து கீழ்வழியாக இறங்கும். பின்சக்கரம் ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலும் மேலே தூக்குவார்கள். உங்கள் வண்டிக்கு எது என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஹைபிரிட் வண்டியானால் ஆரஞ்சு நிற ஒயர்களில் கை வைக்காமல், அதில் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.

வெளியே இருக்கும்போதே

புது இன்ஜின் ஸ்டாண்டில் நிற்கும்போது கையெட்டுகிற இடமெல்லாம், உள்ளே இறங்கிய பிறகு எட்டாது. கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், டைமிங் பெல்ட் செட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஹீட்டர் ஹோஸ், இன்ஜின் மவுண்டிங் எல்லாவற்றையும் இப்போதே மாற்றுங்கள். பணம் கையைக் கடித்தால் மவுண்டிங்கைத் தள்ளிப்போடலாம். பின்சீலைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு ஒழுகினால் அந்தச் சின்ன ரப்பர் வளையத்துக்காக கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும்.

பழைய இன்ஜினையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டுக்கொண்டே சென்சார்களை மாற்றுங்கள். இறுக்கும்போது நிரந்தரமாக நீளும்படி வடிவமைத்த போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக்கூடாது. பல வண்டிகளில் ஃப்ளைவீல் போல்ட்டும் ஹெட் போல்ட்டும் இந்த வகை. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த இடங்களைத் தொடாதீர்கள்.

கியர்பாக்ஸோடு சேர்ப்பது

மேனுவல் கியரில், கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தும் கருவியை வைத்தே பிரஷர் பிளேட்டை இறுக்குங்கள். கண்ணளவு போதாது. பெல் ஹவுசிங்கின் (இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் கூடு) டவல் பின்கள், அதாவது இரண்டையும் நேராக நிறுத்தும் சின்ன ஊசிகள், இருக்கின்றனவா பாருங்கள். பழைய பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு போயிருக்கும்.

ஆட்டோமேட்டிக்கில், இன்ஜினின் சுழற்சியை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர்தான் புதியவர்கள் தடுக்கி விழும் இடம். அது கியர்பாக்ஸின் பம்புக்குள் முழுதாக உட்கார வேண்டும். சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் இரண்டு மூன்று தடவை ‘டொக்’ என்று இறங்கும். இன்ஜினும் கியர்பாக்ஸும் முகத்தோடு முகம் சேர்ந்த பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். இன்ஜின் பக்கம் அதை மாட்டும் தகட்டுக்கும் அதற்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நிறுத்துங்கள்.

எந்த வகையானாலும், இரண்டும் கையால் தள்ளும்போதே ஒட்டிக்கொள்ள வேண்டும். இடைவெளி இருக்கிறதே என்று போல்ட்டைப் போட்டு இழுத்தால் பம்ப் உடையும், இல்லையென்றால் ஹவுசிங்கின் காது பிய்யும்.

முதல் ஸ்டார்ட்

சாவியைத் தொடும் முன் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் எர்த் ஒயரை ஒரு தடவை கையால் தொட்டுப் பாருங்கள். பின்னல் பின்னலாக, தட்டையாக இருக்கும். எல்லாரும் மறப்பது இதைத்தான். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாகவோ ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ திரும்பும். கேபிள் சிவக்கச் சிவக்கச் சூடாகிப் புகையும்.

புது ஃபில்டரில் ஆயில் ஊற்றி மாட்டுங்கள், அளவுக் கம்பியைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். பத்து விநாடி சுற்றினால் ஸ்டார்ட்டர் ஆறுவதற்கு ஒரு நிமிடம் விடுங்கள். காய்ந்த பேரிங்கில் இன்ஜினை எழுப்பாமல் இருக்கத்தான் இது.

கூலன்ட் ஊற்றும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் ஸ்க்ரூ இருந்தால் திறந்து, குமிழி வராமல் கூலன்ட் மட்டும் வரும்வரை பொறுங்கள். உள்ளே காற்று தங்கினால் கேஜ் சரியாகக் காட்டாமலே ஹெட் சூடாகும்.

இப்போது ஸ்டார்ட் செய்யுங்கள். சில விநாடிக்குள் ஆயில் விளக்கு அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் ஒருவர் கேஜையும் இன்னொருவர் டார்ச்சோடு அடியிலும் பார்த்துக்கொண்டிருங்கள். முதல் சில நிமிடம் சைலன்சர் குழாயின் மேலிருந்து புகை வரும். கை பட்ட ஆயிலும் கிரீஸும் எரிவதுதான், பயப்பட வேண்டாம். ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்கும்வரை விடுங்கள். பிறகு அணைத்து, முழுவதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவு பாருங்கள். அநேகமாகக் குறைந்திருக்கும்.

டீசலை மிகுந்த அழுத்தத்தில் இன்ஜெக்டர்களுக்கு அனுப்பும் காமன் ரெயில் குழாயில் ஒழுக்கு தெரிந்தால் ஓடும்போது விரலை வைத்துத் தேடாதீர்கள். 1,000 பாருக்கு மேல் அழுத்தம் உள்ள டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலே ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், ஆனாலும் உடனே அறுவைசிகிச்சை தேவைப்படுகிற காயம் அது.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

லேத்தில் புதுப்பித்த இன்ஜினை ஒரே வேகத்தில் நீள ஓட்டாதீர்கள், நின்ற இடத்தில் மணிக்கணக்கில் உறுமவும் விடாதீர்கள். வேகத்தையும் கியரையும் மாற்றி மாற்றி, மிதமான பளு கொடுத்து ஓட்டினால்தான் ரிங் சிலிண்டரில் படியும். பழைய இன்ஜினானால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் தினமும் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், ஆயிலையும் கூலன்ட்டையும் பார்த்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். குறைகிறது என்பது பத்து நாள் கணக்கில்தான் தெரியும்.

500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். எந்த வகை இன்ஜினானாலும் இது என் கண்டிப்பு. அன்றைக்குக் கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள். தகரத்தை வெட்டி, காகிதத்தை விரித்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். புதிதாகக் கட்டிய இன்ஜினில் காந்தத்தில் ஒட்டும் மெல்லிய பொடி கொஞ்சம் இருக்கும்; ரிங் படிகிறது, சரி. காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பு இருந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டு சம்பைக் கழற்றுங்கள். அந்த நிலையில் பேரிங் மட்டும் மாற்றி இன்ஜினைக் காப்பாற்ற வழி உண்டு. தட்டல் கேட்கத் தொடங்கிவிட்டால் கிராங்கும் சேர்ந்து போயிருக்கும்.